ரங்கநாதன் தெருவில் ஒரு பென்குவின்!

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து, பிரஷர் குக்கருக்கு ஒரு கேஸ்கெட் வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கியிருக்கிறேன். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஆரம்பித்து உஸ்மான் ரோடு முனையில் கரையேறியபோது கையில் கேஸ்கெட் இருந்தது. ஒரு கால் செருப்பு இல்லை.

நான் செய்த தப்பு, ஒவ்வொரு கடையாக ஏறி "கேஸ்கெட் இருக்கா?" என்று கேட்டதுதான். பதினோராவது கடை வாசலில் ஊக்கும் ஹேர்பின்னும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பரிதாபப்பட்டு, "ஏன் தம்பி சும்மா ஏறி எறங்குற? அந்த மாடிப்படி பக்கத்துல சந்து இருக்கு பாரு, அங்க போய்க் கேளு" என்றார். இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது. நான் தெருவுக்குள் இருந்தேன். அந்த அம்மாளுக்குள் தெரு இருந்தது!

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். (பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சார்! ஜோக் பக்கம் எங்கேயும் ஓடிவிடாது.)

லினக்ஸ் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பென்குவின் படம் போட்டிருக்குமே, அதுதான். காசு கொடுக்காமல் கிடைக்கும், ஆபீஸில் யாரோ ஒரு தாடிக்கார இளைஞர் மட்டும் வைத்திருப்பார். அதில் சாஃப்ட்வேர் வாங்கும் முறையே வேறு. விண்டோஸில் ஒரு சாமான் வேண்டுமென்றால் இன்டர்நெட்டில் தேடி, எந்த ஊர் என்று தெரியாத ஒரு சைட்டிலிருந்து இறக்குமதி செய்து, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்குவோம். லினக்ஸில் அப்படியில்லை. எல்லாவற்றையும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி ஒரு பெரிய கிடங்கில் வைத்திருப்பார்கள். பொட்டலத்துக்குப் பெயர் பாக்கேஜ். கிடங்குக்குப் பெயர் ரெபாசிட்டரி. நீங்கள் பெயரைச் சொன்னால் போதும். அது வரும்போது கூடவே தேவையான உப்பு, புளி, மிளகாயையும் தானே எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால்?

1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் இயான் முர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஆரம்பித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. (நம்ம ஊரில் என்றால் இதற்குள் ஜோடிப் பொருத்தம் பார்த்திருப்பார்கள்.) 1996-ல் வெளியான 1.1 பதிப்பில் மொத்தம் 474 பொட்டலங்கள். நம் தெருமுனை மளிகைக் கடை மாதிரி, அண்ணாச்சிக்கே எல்லாம் மனப்பாடம். 2025 ஆகஸ்டில் வந்த 13-வது பதிப்பில் 69 ஆயிரத்துக்கும் மேல்! மளிகைக் கடை ரங்கநாதன் தெருவாகிவிட்டது.

இந்தக் கதை நம்ம ஊருக்கு நெருக்கமானது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அதில் ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் பாஸ் என்று இரண்டும் போட்டுக் கொடுத்தார்கள். அதாவது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் எப்போதோ நுழைந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். 'பாஸ்' என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் திறந்து பார்க்கத் தைரியம் வரும்?

எட்டிப் பார்த்தவர்களில் ஒருவன் என் அக்கா பையன். கும்பகோணத்துப் பையன். அந்த லேப்டாப்பில்தான் கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டான். இப்போது வடக்கு உஸ்மான் ரோடு பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் வேலை. பழைய பத்திரங்கள், டிரஸ்ட் கணக்குகள், கோயில் மலர்கள் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் இடம். முதலாளி சிக்கனக்காரர். "லைசென்ஸுக்குக் காசு குடுக்கறதுக்கு ஒரு ஃபேன் மாட்டலாம்" என்று எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறார். (ஃபேன் இன்னும் மாட்டவில்லை.)

பையனுக்கு ஆறு மாதம் புரொபேஷன். பர்மனென்ட் ஆனதும் மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷன் பிடித்து அப்பா, அம்மாவை அழைத்து வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்காரரிடம் வாய் வார்த்தையாகச் சொல்லியும் வைத்திருந்தான். அந்தச் சமயம் பார்த்து முன்னூறு பக்கம் அச்சடித்த பழைய தமிழ் ஆவணம் ஒன்று, ஸ்கேன் செய்த படமாக வந்து இறங்கியது. திங்கட்கிழமைக்குள் முழுக்க எழுத்தாக மாற்றித் தர வேண்டும். மூன்று நாள் விழுந்து விழுந்து டைப் அடித்தான். பாதிகூடத் தாண்டவில்லை.

படத்தைப் பார்த்து எழுத்தைப் படித்துத் தரும் சாஃப்ட்வேர் இருக்குமே என்று நாலாவது நாள் புத்தியில் உறைத்தது. மெஷினில் சாஃப்ட்வேர் கடை என்று கலர் கலராக ஒரு ஜன்னல் திறக்குமே, அதில் 'தமிழ் ஓ.சி.ஆர்.' என்று அடித்தான். ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்கியது. பதறிப்போய் இன்டர்நெட்டில் தேடினான். ஊர், பேர் தெரியாத ஒரு சைட்டில் அழகாக ஒரு பொட்டலம் இருந்தது. இறக்கினான். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தான்.

அன்று சாயங்காலத்திலிருந்து மெஷின் மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது. பார்க்க வந்த ரிப்பேர்காரர், "தம்பி, உங்க மெஷின்ல எவனோ கிரிப்டோ காசு தோண்டிக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் துடைத்துப்போட்டார். மூன்று நாள் டைப் அடித்ததும் அதோடு போயிற்று. நகல் எடுத்து வைக்கவில்லை. முதலாளி திட்டவில்லை, அமைதியாகப் புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார். மேற்கு மாம்பலம் போர்ஷனுக்கு வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

ராத்திரி எனக்கு போன் செய்தான். "மாமா, கடையில இல்லைன்னுதானே மாமா வெளியில போனேன்?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது. கடையில் இருந்தது! 'டெசராக்ட்-ஓ.சி.ஆர்.-டாம்' என்ற பெயரில், அதே கிடங்கில், காசில்லாமல், பத்திரமாக. அவன் பார்த்தது ஷோகேஸை மட்டும். அந்தக் கலர் ஜன்னல்கள் பொதுவாக, ஐகான் வைத்துத் திறக்கும் அப்ளிகேஷன்களைத்தான் காட்டும். பின்னால் இருக்கும் கமாண்டு வகையறா, மொழிக் கோப்புகள், லைப்ரரிகள் எதையும் வாசலில் மாட்டி வைக்காது. ஜவுளிக்கடை பொம்மை மேல் இல்லாத கலர், மூன்றாவது மாடியில் மூட்டையாகக் கிடக்கலாம் அல்லவா?

இன்னொரு கூத்து, பெயர். தமிழ் என்பதை ஒரு பொட்டலம் 'டாம்' என்று மூன்றெழுத்தில் எழுதும். எழுத்துருப் பொட்டலமான லோஹித்தில் கடைசியில் 'டாமில்' என்று இருக்காது. ஐ என்ற எழுத்தை விழுங்கி நாலெழுத்தில் நிற்கும். முன்னது மொழிக்கான சர்வதேசக் குறியீடு, பின்னது லிபிக்கான குறியீடு. பெயரில் மட்டும் தேடினால் இரண்டுமே சிக்காது. உள்ளே இருக்கும் விவரக் குறிப்பையும் சேர்த்துத் தேடினால் சிக்கும், ஏனென்றால் அங்கே 'தமிழ்' என்று ஒழுங்காக இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கறுப்பு ஜன்னலைத் திறந்து 'ஆப்ட்-கேஷ் சர்ச்' என்று அடித்து, பக்கத்தில் ஓ.சி.ஆர்., தமிழ் என்று இரண்டு வார்த்தையையும் இடம் விட்டு அடித்திருந்தால் போதும். இரண்டும் சேர்ந்து வருகிற பொட்டலங்களை மட்டும் வடிகட்டித் தரும். நான் போனிலேயே சொல்லி அடிக்க வைத்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வந்துருச்சு மாமா" என்றான், அழுகிற குரலில்.

இந்த 'ஆப்ட்' 1999-ல் வெளியான டெபியன் 2.1-ல் அறிமுகமானது. நல்ல கருவி. ஆனால் அது தேடும் முறை நான் கேஸ்கெட் தேடிய முறைதான். பல பத்து எம்.பி. நீளத்துக்கு இருக்கும் குறிப்புகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகப் படித்து, "இருக்கா? இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு போகும். பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் முதல் தடவை கேட்டால் காபி ஆறிவிடும். இப்போதைய மெஷினில் ஓரிரு செகண்டுதான். ஆனாலும் எடிட்டர் என்று ஒரு வார்த்தையைக் கொடுத்துப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். அதுவும் உங்களுக்கு எது வேண்டியிருக்கும் என்ற யோசனை இல்லாமல். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் செருப்புத் தேடுகிற மாதிரி.

எனவே புத்திசாலிகள் அந்த ஹேர்பின் அம்மாளைக் கம்ப்யூட்டருக்குள் உட்கார வைக்கப் பார்த்தார்கள். முன்கூட்டியே எல்லாப் பொட்டலங்களின் குறிப்பையும் ஒரு தடவை படித்து, எந்த வார்த்தை எந்தெந்தப் பொட்டலத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டுவிடுவது. டெலிபோன் டைரக்டரி மாதிரி. இதுதான் இண்டெக்ஸ். அப்புறம் கேட்கும்போது தெருவுக்குள் இறங்கவே வேண்டாம், பட்டியலைப் பார்த்தால் போதும். 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஆகாய நடைபாதை திறந்தார்களே, அதில் ஏறி, கீழே இடிபடுகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறீர்களா? அந்தச் சுகம்!

டெபியனில் இதைச் செய்தவர் என்ரிகோ ஸீனி என்ற இத்தாலியர். கருவியின் பெயர் ஆப்ட்-ஸேப்பியன்-இண்டெக்ஸ். கேட்பதற்கு 'ஆக்ஸி-கேஷ்' என்ற கமாண்டு. இது வேகம் மட்டுமில்லை. எது ரொம்பப் பொருத்தமோ அதை முதலில் வைக்கும். வார்த்தையின் வாலை வெட்டி வேரைப் பார்க்கும். இங்கிலீஷில் 'எடிட்டிங்' என்று கேட்டாலும் 'எடிட்' சம்பந்தப்பட்டதைக் காட்டும். இந்த வால் வெட்டும் வித்தைக்கு 1980-ல் மார்ட்டின் போர்ட்டர் என்பவர் ஒரு பிரபலமான வழி சொன்னார். அவருடைய ஸ்னோபால் என்ற தொகுப்பில் பிற்பாடு தமிழுக்கும் ஒரு கத்தரிக்கோல் சேர்ந்திருக்கிறது. நம் மொழியில் கடை, கடைக்கு, கடையில், கடையிலிருந்து, கடையிலிருந்தெல்லாம் என்று வால் அனுமார் வால். வெட்டுகிறவர்கள் பாவம்.

சும்மா வருமா சுகம்? பட்டியல் புதுசாக இருக்க வேண்டுமானால் அடிக்கடி எழுத வேண்டும். இந்தக் கருவி வாரத்துக்கு ஒரு தரம் தானே எழுந்து இண்டெக்ஸ் போடும். நீங்கள் அவசரமாக ரிப்போர்ட் அடிக்கும் நேரம் பார்த்து மெஷினைப் பிடித்துக்கொண்டு திணறடிக்கும். வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கப் போகும்போது வீடு கழுவுகிற மனைவி மாதிரி. (இந்த வரியை வீட்டில் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.) உலகம் முழுக்க இதைத் திட்டித் தீர்த்தவர்கள் நிறைய. தேடுகிற வேகத்துக்கு, தேடாதபோது வட்டி கட்டுகிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை தேடுகிறவர்களுக்கு அந்த வட்டி கட்டுப்படியாகாது என்பது என் கட்சி.

பெயர் பாதி ஞாபகம் இருந்தால் இன்னொரு குறுக்கு வழி. 'ஆப்ட்-கேஷ் பிகேஜிநேம்ஸ்' என்று சொன்னால் எல்லாப் பெயரையும் கண் இமைக்கும் நேரத்தில் கொட்டும். அதை 'எஃப்-இஸட்-எஃப்' என்ற குட்டிக் கருவிக்குள் குழாய் போட்டு விட்டால், நீங்கள் ஒவ்வோர் எழுத்தாக அடிக்க அடிக்கப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் எழுத்து விட்டுப்போனாலும் கோபித்துக்கொள்ளாது. இண்டெக்ஸ் வேலை எதுவும் கிடையாது. எனக்குத் தினசரி கைகொடுப்பது இதுதான்.

சில சமயம் தலைகீழ்ப் பிரச்னை வரும். ஏதோ ஒன்றைத் திறந்தால், 'இன்ன ஃபைலைக் காணோம்' என்று அடம் பிடிக்கும். அந்த ஃபைல் எந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது? இதற்கு ஆப்ட்-ஃபைல். இன்னும் வாங்காத பொட்டலத்தின் உள்ளே இருப்பதையும் சொல்லிவிடும். முதல் தடவை மட்டும் பெரிய ஜாபிதாவை இறக்கிக்கொள்ளும். மொபைல் டேட்டாவில் செய்யாதீர்கள். ஏற்கெனவே வாங்கியதற்குள் தேட டிபிகேஜியே போதும்.

மெஷினுக்குள் கிடக்கும் சொந்த ஃபைலைத் தேட 'லோக்கேட்' என்ற பழைய கருவி உண்டு. 1983-ல் ஜேம்ஸ் வுட்ஸ் என்பவர் எழுதிய கட்டுரையில் அதன் ஆணிவேர் இருக்கிறது. ராத்திரியில் எல்லாரும் தூங்கும்போது பட்டியல் போட்டு வைக்கும். 2020-ல் நார்வேக்காரரான ஸ்டெய்னார் குண்டர்சன் 'பிலோக்கேட்' என்று புதுசாக ஒன்று எழுதி, பழையதை ஓரங்கட்டிவிட்டார். யுக்தி எளிமையானது. பெயர்களை மூன்று மூன்று எழுத்தாக வெட்டி வைப்பார். சரவணன் என்றால் சரவ, ரவண, வணன். ஒவ்வொரு துண்டுக்கும் அது எங்கெங்கே வருகிறது என்று தனிப் பட்டியல். நீங்கள் கேட்டதும் அந்தத் துண்டுகளின் பட்டியல்கள் எந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன என்று மட்டும் பார்த்தால் போயிற்று, லட்சக்கணக்கான பெயரைத் தொடவே வேண்டாம்.

டெபியன் வீட்டுக்கு வெளியேயும் இதே போராட்டம்தான். ஜென்டூ லினக்ஸில் அதன் சொந்தத் தேடல் நத்தை. 'ஈ-ஐ-எக்ஸ்' என்ற கருவி முன்கூட்டிப் பட்டியல் போட்டு அதைக் குதிரையாக்கியது. ஃபெடோராவில் 2015-ல் 'யம்' போய் 'டி.என்.எஃப்.' வந்தது, 2024-ல் அதையும் அடியோடு மாற்றி எழுதி ஐந்தாம் பதிப்பைக் கொண்டு வந்தார்கள். எதைக் கேட்டாலும், "இருங்க, முதல்ல சரக்குப் பட்டியலைப் புதுப்பிச்சுக்கறேன்" என்று காக்கவைத்த பழைய கிளார்க் மாறி, கொஞ்சம் சுறுசுறுப்பான ஆள் வந்திருக்கிறார்.

"அரை செகண்டு, ஒரு செகண்டுல என்ன சார் இருக்கு?" என்று கேட்பீர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற என்ஜினீயருக்கு, தன் மெஷினுக்குள் லாகின் செய்வது சுமார் அரை செகண்டு தாமதமாவதாகத் தோன்றியது. நாமாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்போம். அவர் தோண்டினார். எக்ஸ்-இஸட் என்ற சாதாரணச் சுருக்கும் கருவிக்குள் யாரோ வருஷக்கணக்கில் நல்லவன் மாதிரி பழகி, கள்ளச்சாவி வைத்திருந்தது வெளியே வந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அது நுழைந்துவிட்டிருந்தது. பொதுஜனம் உபயோகிக்கும் நிலையான பதிப்புக்குள் போகவில்லை. ஆக, அதிகாரபூர்வக் கிடங்கு என்றால் தெய்வ சன்னிதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. பையன் போன சைட்டில் பார்த்தது ஒரே கண், அதுவும் அவன் மெஷின் மேல்!

முடிவில் அந்த முன்னூறு பக்கம் என்ன ஆயிற்று? டெசராக்டைப் போட்டு ஒரே ராத்திரியில் படிக்க வைத்தான். குறைகள் இருந்தன. துணைக்காலை ரகரமாகவும், ரகரத்தைத் துணைக்காலாகவும் படித்து, 'ராமசாமி' பல ரூபத்தில் காட்சி தந்தார். ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த இடமெல்லாம் வெறும் கிறுக்கல். உட்கார்ந்து திருத்த இரண்டு நாள். இரண்டு நாள் தாமதத்தோடு புதன்கிழமை கொடுத்தார்கள். பார்ட்டி முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

நீட்டிய மூன்று மாதமும் முடிந்து, போன மாதம் பையன் பர்மனென்ட். பழைய போர்ஷன் போனது போனதுதான். இப்போது பார்த்திருக்கும் இடம் இன்னும் இரண்டு தெரு தள்ளி, மாடியில், தண்ணீர் தூக்க வேண்டும். "அம்மாவுக்குத்தான் முட்டி வலி, மாமா" என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

ஆபீஸில் மற்ற பையன்களுக்குத் தேடும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை முதலாளி அவனிடமே ஒப்படைத்திருக்கிறார். முதல் நாள் வகுப்பில் சுவாரஸ்யத்துக்காக 'ஆப்ட் மூ' என்று அடித்துக் காட்டியிருக்கிறான். ஆப்டை எழுதியவர்கள் விளையாட்டாக ஒளித்து வைத்த கமாண்டு அது. அடித்தால் திரையில் எழுத்துகளாலேயே ஒரு பசு மாடு வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்து, திரையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

"இது எந்த பார்ட்டியோட வேலைப்பா? பில் போட்டாச்சா?"